கடைசி இடத்துக்கு ஓடாதீர்கள்: டேங்க் செய்யும் அணிகளின் தவறுகள்

பிப்ரவரி பிறந்தால் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் ரசிகர்களுக்குள் ஒரே சண்டைதான். 22 வெற்றி, 30 தோல்வி என்று நிற்கிற அணி மிச்சமுள்ள 30 ஆட்டங்களில் முட்டி மோதி, பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போகப் பார்க்க வேண்டுமா, இல்லை தோற்றுத் தோற்றுக் கீழே இறங்கி (இதைத்தான் டேங்க் செய்வது என்பார்கள்), புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் உயர்ந்த பிக், அதாவது முந்தித் தேர்வு செய்யும் உரிமை, வாங்க வேண்டுமா? புதிதாக ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் ‘பேசாம டேங்க் பண்ணிடலாம்’ என்று முடித்துவிடுகிறார்கள். 2013இல் ஃபிலடெல்ஃபியா அணியை மொத்தமாகக் கலைத்துப் போட்டபோது மூத்த ரசிகர்கள் பலரும் சொன்னது இதைத்தான். அன்றைக்கு அது பாதி சரி. முதல் பிக்குகள் யாருக்கு என்று தீர்மானிக்கும் லாட்டரியின் விதி 2019இல் மாறிய பிறகு கால்வாசிகூடச் சரியில்லை.

முதல் பிக்கில் வருகிறவர் எல்லோரும் லெப்ரான் ஜேம்ஸ் போன்ற நட்சத்திரம் ஆகிவிட மாட்டார்கள் என்பது போன்ற, எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை இங்கே எழுதப்போவதில்லை. அணியை நடத்துகிறவர்களே திரும்பத் திரும்ப விழுகிற குழிகளை மட்டும் பார்ப்போம்.

பிக் யாருடையது என்று பார்க்காமல் தோற்பது

2013இல் புரூக்ளின் நெட்ஸ், 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் பாஸ்டனிடமிருந்து வாங்கியது. கொடுத்த விலை 2014, 2016, 2018 முதல் சுற்று பிக்குகள். போதாததற்கு, 2017இல் இரு அணிகளின் பிக்குகளில் உயர்ந்ததை மாற்றி எடுத்துக்கொள்ளும் உரிமையும் பாஸ்டனுக்குப் போனது. எதற்கும் எந்தப் பாதுகாப்பு நிபந்தனையும் இல்லை; எந்த இடத்தில் விழுந்தாலும் பாஸ்டனுக்குத்தான். 2016-17இல் நெட்ஸ் 20 வெற்றி, 62 தோல்வியோடு லீகிலேயே கடைசி. லாட்டரியில் முதல் பிக்கும் விழுந்தது. ஆனால் அது பாஸ்டனுக்கு. பாஸ்டன் அதை ஃபிலடெல்ஃபியாவிடம் கொடுத்து, மூன்றாவது பிக்கில் ஜேசன் டேட்டமை எடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜேலன் பிரவுனை எடுத்ததும் நெட்ஸின் பிக்கில்தான். இந்த இருவரும் 2024இல் கோப்பையைத் தூக்கினார்கள்.

தன் பிக் தன் கையில் இல்லாத அணிக்குத் தோல்வியால் பத்துப் பைசா பயன் இல்லை. நெட்ஸ் பிறகாவது இதைக் கற்றுக்கொண்டது. 2024 ஜூனில், அணியைக் கலைக்க முடிவெடுத்த கையோடு, ஹூஸ்டனிடம் போயிருந்த தன் 2025, 2026 பிக்குகளின் உரிமையை மீட்டது. பிக்கை மீட்காமல் தோற்க இறங்கவில்லை. வரிசை அப்படித்தான் இருக்க வேண்டும்.

கடைசி இடத்தையே குறியாக வைப்பது

இதுதான் மற்ற எல்லாத் தவறுகளையும்விட அதிக விலை கேட்கிறது. நிதானமாகப் பார்க்க வேண்டியதும் இதுதான்.

முதலில் லாட்டரி நடக்கும் விதம். 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகள் ஓர் இயந்திரத்தில் சுழலும். நான்கு பந்துகளை எடுப்பார்கள். இதில் 1,001 சேர்க்கைகள் வரலாம். ஒன்றை ஒதுக்கிவிட்டு 1,000 சேர்க்கைகளை பிளேஆஃப் போகாத 14 அணிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பழைய விதியில் மிக மோசமான அணிக்கு 250 சேர்க்கைகள், அதாவது முதல் பிக்குக்கு 25 சதவீத வாய்ப்பு. 2019 விதியில் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 140. நான்காவது மோசமான அணிக்கு 125, ஐந்தாவதுக்கு 105, ஆறாவதுக்கு 90. குலுக்கலில் தீர்மானமாவது முதல் நான்கு பிக்குகள் மட்டும். ஐந்தாவதிலிருந்து தோல்விக் கணக்குப்படி வரிசை.

ஆக, எல்லோரையும்விட அதிகம் தோற்ற அணிக்குக் கிடைப்பது ஒரே ஒரு சலுகை: ஐந்தாவது பிக்குக்குக் கீழே போகாது. அடுத்த அணி ஆறுக்குக் கீழே போகாது, அதற்கடுத்தது ஏழுக்குக் கீழே போகாது. கடைசி அணிக்கு முதல் நான்கில் ஒன்று கிடைக்கும் வாய்ப்பு 52.1 சதவீதம். ஐந்தாவது பிக்குக்குச் சரியும் வாய்ப்பு 47.9 சதவீதம். பூவா தலையா போடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நடந்ததையும் பாருங்கள். 2019 முதல் 2025 வரை நடந்த ஏழு லாட்டரிகளில் கடைசி இடத்தில் நின்ற அணிக்கு வாய்த்த பிக்: 3, 2, 2, 3, 5, 5, 5. முதல் பிக் ஒருமுறைகூட இல்லை. 2024-25இல் யூட்டா ஜாஸ் 17 ஆட்டங்களில்தான் வென்றது, ஃபிலடெல்ஃபியா 24இல் வென்றது. கூடுதலாகத் தோற்ற அந்த 7 ஆட்டங்களுக்கு யூட்டாவுக்குக் கிடைத்த அதிகப்படி வாய்ப்பு 3.5 சதவீதப் புள்ளி. குலுக்கல் முடிந்தபோது ஃபிலடெல்ஃபியாவுக்கு மூன்றாவது பிக், யூட்டாவுக்கு ஐந்தாவது.

வாங்குவது இவ்வளவுதான் என்றால், கொடுப்பது என்ன? அதை டெட்ராய்ட் பிஸ்டன்ஸிடம் பார்க்கலாம். 2021இல் முதல் பிக்கில் கேட் கன்னிங்ஹாமை எடுத்தார்கள். அதன்பின் 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் லாட்டரியில் ஐந்தாவது பிக்தான். 2023-24 சீசனில் முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றார்கள். பிறகு தொடர்ச்சியாக 28 தோல்வி. ஒரே சீசனில் யாரும் அவ்வளவு தொடர்ந்து தோற்றதில்லை. சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் ‘அணியை விற்றுவிடு’ என்று கோஷம் போட்டார்கள். 28ஆவது தோல்வி பாஸ்டனில், கூடுதல் நேரம் வரை போய் 128-122. பாதி ஆட்டத்தில் முன்னிலையில் இருந்தது டெட்ராய்ட்தான். ஜெயிக்கும் நிலையில் இருந்து ஆட்டத்தை முடித்துக் காட்ட அந்த அணியில் யாருக்கும் பழக்கம் இல்லை.

கன்னிங்ஹாமுக்குத் திறமை போதாமல் இது நடக்கவில்லை. அவரைச் சுற்றி நின்றவர்களில் பலருக்கு வெளியிலிருந்து எறிய வராது. அந்த ஆண்டு புதிதாக வந்த ரூக்கி ஆசார் தாம்ப்சன் மூன்று புள்ளி எறிகளில் 18.6 சதவீதம்தான் போட்டார். எறியத் தெரியாதவரை எதிரணி தடுக்கவே மெனக்கெடாது. அவரைத் தடுக்க வேண்டியவர் கூடைக்குக் கீழே வந்து நின்றுகொள்வார். கன்னிங்ஹாம் உள்ளே புகுந்தால் மூன்று பேர் காத்திருப்பார்கள். பந்தை வெளியே கொடுக்கலாம் என்றால் அங்கே எறிய ஆள் இல்லை. பந்து பறிபோகும். 21, 22 வயதுப் பையன் ராத்திரிக்கு ராத்திரி இதையே ஆடினால், எந்த முடிவு சரி, எது தவறு என்று அவனுக்கு எப்படித் தெரியும்? சரியான பாஸும் வீணாகிறது, தவறான பாஸும் வீணாகிறது. இது வளர்ச்சிக்கான ஆண்டு என்று நிர்வாகம் சொல்லும். வளர்ச்சி நடக்கவே வழியில்லாத ஆண்டு அது.

அந்தக் கோடையில் டெட்ராய்ட் செய்தது ஒன்றும் மந்திரமில்லை. தொபையஸ் ஹாரிஸுக்கு 2 ஆண்டு, 5 கோடியே 20 லட்சம் டாலர். மலிக் பீஸ்லிக்கு 1 ஆண்டு, 60 லட்சம் டாலர். டிம் ஹார்டவே ஜூனியரை டாலஸிடமிருந்து எடுத்துக்கொண்டதற்கு மேலதிகமாக மூன்று இரண்டாம் சுற்று பிக்குகளும் வந்தன. பயிற்சியாளராக ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப். மூவருமே பந்து வந்தவுடன் எறியத் தெரிந்த மூத்த ஆட்டக்காரர்கள். பீஸ்லி மட்டும் 319 மூன்று புள்ளிகள் போட்டார். எதிரணி விலகி நிற்க வேண்டியதாயிற்று, கன்னிங்ஹாமுக்கு வழி திறந்தது. ஓர் ஆட்டத்துக்கு அவர் சராசரி 26.1 புள்ளி, 9.1 அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்). 14 வெற்றிகளில் கிடந்த அணி மறுவருடம் 44 வெற்றி. அடித்தளமான இளைஞர்கள் அதே ஆட்கள்தான்.

இந்த மூத்த ஆட்டக்காரர்களை ஒரு வருடம் முன்பே வாங்கியிருந்தால்? 14க்குப் பதில் 22 வெற்றி வந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நான்காவது மோசமான இடத்துக்கு வந்திருந்தாலும் முதல் பிக் வாய்ப்பு 14இலிருந்து 12.5 ஆகியிருக்கும். அவ்வளவே. அந்த ஒன்றரைப் புள்ளிக்காக ஓர் ஆண்டு முழுவதையும் கன்னிங்ஹாமிடமிருந்து பிடுங்கினார்கள். லீகின் நான்கு ஆண்டு ரூக்கி ஒப்பந்தத்தில், அதாவது ஆட்டக்காரர் மலிவாகக் கிடைக்கும் காலத்தில், ஓர் ஆண்டு என்பது கால்வாசி. கோபம் வருவது இதனால்தான்.

ஆகவே, கட்டியெழுப்பும் ஆண்டிலும் சிலவற்றைக் கலைக்கவே கூடாது. பந்தை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுக்கத் தெரிந்த ஒரு மூத்த பாயின்ட் கார்டு வேண்டும். மூன்று புள்ளியில் 36 சதவீதத்துக்குக் குறையாத இரண்டு பேராவது வேண்டும். எதிராளியின் வழியை மறித்துத் திரை போட்டுவிட்டுக் கூடையை நோக்கி ஓடத் தெரிந்த ஒரு சென்டர் வேண்டும். இதற்கு மேல் 20 முதல் 25 வெற்றி வந்தால் வரட்டும்.

ஓக்லஹோமா சிட்டி செய்தது இதற்கு நெருக்கமானது. 2021-22இல் மெம்ஃபிஸிடம் 152-79 என்று 73 புள்ளியில் தோற்றவர்கள்தான் அவர்கள். ஆனால் ஷாய் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டரை விற்கவில்லை. ஆழமாகத் தோற்றது இரண்டே சீசன். 2022இல் இரண்டாவது பிக்கில் செட் ஹோம்கிரன், கிளிப்பர்ஸிடமிருந்து வந்த பன்னிரண்டாவது பிக்கில் ஜேலன் வில்லியம்ஸ். மறு சீசனே 40 வெற்றி, அடுத்தது 57, அதற்கடுத்தது 68 வெற்றியும் சாம்பியன் பட்டமும். கவனியுங்கள்: அந்த மூவரில் தங்கள் தோல்வியால் கிடைத்தவர் ஒருவர்தான்.

ஃபிலடெல்ஃபியா எதிர்த் திசை. 19, 18, 10 என்று மூன்று சீசன் வெற்றிகள். நெர்லன்ஸ் நோயல், ஜோயல் எம்பீட், ஜலீல் ஒகஃபோர் என்று கையில் மூன்று சென்டர்கள். ஆடும் இடமோ ஒன்று. நோயலும் ஒகஃபோரும் பிறகு அடிமாட்டு விலைக்குப் போனார்கள்.

எல்லை உள்ள பிக்கைச் சாதா பிக் போல நினைப்பது

மேலே சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பிக் இன்னோர் அணிக்குக் கடனாக இருக்கிறது, ஆனால் குறிப்பிட்ட இடத்துக்குள் விழுந்தால் உங்களிடமே தங்கும் என்று நிபந்தனை இருந்தால், ஒவ்வொரு படியும் கணக்கில் வரும்.

2025இல் ஃபிலடெல்ஃபியாவின் பிக் முதல் ஆறுக்குள் விழாவிட்டால் ஓக்லஹோமா சிட்டிக்குப் போக வேண்டும். ஐந்தாவது மோசமான இடத்தில் நின்ற அவர்களுக்கு அதைத் தக்கவைக்கும் வாய்ப்பு சுமார் 64 சதவீதம். ஒரு படி கீழே இறங்கி நான்காவது இடம் பிடித்திருந்தால் 81. ஒரே படிக்கு 17 புள்ளி. எம்பீட் 19 ஆட்டம்தான் ஆட முடிந்த சீசன் அது, பிளேஆஃப் கனவு ஏற்கெனவே கலைந்துவிட்டது. அந்த நிலையில் மார்ச், ஏப்ரலில் தோற்பதில் அர்த்தம் இருந்தது. பிக் மூன்றில் விழுந்தது, வி.ஜே. எட்ஜ்கோம்ப் வந்தார்.

2012இல் கோல்டன் ஸ்டேட் நிலையும் இதுவே. முதல் ஏழுக்குள் விழாவிட்டால் பிக் யூட்டாவுக்கு. 23-43 என்று முடித்து, டொராண்டோவோடு சமனாகி, நாணயம் சுண்டியதில் தப்பினார்கள். ஏழாவது பிக்கில் வந்த ஹாரிசன் பார்ன்ஸ் 2015 சாம்பியன் அணியின் தொடக்க ஐவரில் ஒருவர்.

ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் அந்த எண்ணைப் பாருங்கள். அப்புறம் முடிவெடுங்கள்.

பத்தாவது இடத்தை லட்சியமாக வைப்பது

ஒவ்வொரு பிரிவிலும் 7 முதல் 10ஆம் இடம் வரை உள்ள அணிகள், பிளேஆஃபின் கடைசி இடங்களுக்காகப் பிளே-இன் ஆடும். சிகாகோ புல்ஸ் 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் அங்கே போய், மூன்று முறையும் மயாமியிடம் தோற்றது. வெற்றிகள் முறையே 40, 39, 39. இளைஞர்கள் வளர்கிற வழியில் பத்தாவது இடம் வந்தால் நல்லது. 30 வயது தாண்டியவர்களை வைத்துப் பத்தாவது இடத்தைத் தக்கவைப்பது மதில் மேல் பூனை வாழ்க்கை.

அதே சமயம், பிளே-இன் முயன்று தோற்றால் எல்லாம் பாழ் என்று அலறுவதும் தவறு. பிளே-இன்னில் தோற்கும் அணி லாட்டரியில் இருக்கும். 2025இல் டாலஸ் 39 வெற்றியோடு பிளே-இன் போய், மெம்ஃபிஸிடம் தோற்று, 1.8 சதவீத வாய்ப்பில் முதல் பிக்கை வென்று கூப்பர் ஃபிளாகை எடுத்தது. அதை எதிர்பார்த்து உட்காரக் கூடாது. ஆனால் 2023இல் மயாமி இதே பிளே-இன் வழியாக நுழைந்து இறுதிச் சுற்று வரை போனது.

மார்ச்சில் முடிவெடுப்பது

அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் வர்த்தகக் கெடு பிப்ரவரி தொடக்கத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு தோற்க ஆரம்பித்தால், ஒப்பந்தம் முடியப்போகும் மூத்த ஆட்டக்காரர்களுக்கு ஈடாக ஒரு பிக்கும் வராது.

பகிரங்கமாகத் தோற்பது

2023 ஏப்ரல் 7. டாலஸுக்குப் பிளே-இன் வாய்ப்பு இன்னும் இருந்தது. சிகாகோவுக்கு எதிராக லூகா டான்சிச் முதல் கால் பகுதி முடிந்து சற்று நேரத்தில் உட்கார்ந்தார். கைரி இர்விங் ஆடவே இல்லை. லீக் போட்ட அபராதம் 7,50,000 டாலர். பிக் பத்தாவதில் விழுந்து அவர்களிடமே தங்கியது, அதை வைத்துப் பன்னிரண்டுக்கு இறங்கி டெரிக் லைவ்லியை எடுத்தார்கள். லாபம்தான். ஆனால் அதே ஆண்டே லீக் நட்சத்திரங்களை உட்கார வைப்பதற்குத் தனி விதிமுறையும் கொண்டுவந்தது.

இரண்டாம் சுற்றை மறப்பது

அங்கே லாட்டரி இல்லை, தோல்விக் கணக்குதான். கடைசி இடத்து அணிக்கு 31ஆவது பிக் நிச்சயம். டிரேமண்ட் கிரீன் 35ஆவது, நிகோலா யோகிச் 41ஆவது.