ஒட்டுவது எது, ஒட்டாதது எது? நாய்க்குட்டி, குதிரை விஷயத்தில் நாம் தலைகீழாகச் செய்பவை

முடி கொட்டித் தோல் சிவந்து திரிகிற தெருக்குட்டியைக் கண்டால் விரட்டுகிறோம், பார்வோ என்கிற வைரஸ் நோயில் ஒரு குட்டி செத்துப்போன வீட்டுக்கு அடுத்த மாதமே இன்னொரு குட்டியைக் கொண்டுவருகிறோம். இரண்டுமே தவறு. பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர் பக்கம் நம் ஆட்கள் வீடுகளில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எந்த நோயானாலும் கால்நடை மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, இது எப்படிப் பரவும் என்பது.

பார்வோவை எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி, ரத்தத்தோடு நாறும் பேதி, சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது. மலத்தின் வழியாகப் பரவும் இந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், நம் செருப்பிலேயே வீட்டுக்குள் வந்துவிடும். பினாயில் ஊற்றிக் கழுவினோமே என்பார்கள், பினாயிலை நம்ப முடியாது. மலத்தைச் சுத்தமாக அள்ளி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டு, துணிக்குப் போடும் திரவ பிளீச்சை ஒன்றுக்கு முப்பது பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றிப் பத்து நிமிடமாவது ஊறவிட வேண்டும். அப்புறம் தடுப்பூசி. ஒரு ஊசி போட்டாயிற்று என்று இரண்டு மாதக் குட்டியை கப்பன் பார்க்கில் இறக்கிவிடாதீர்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி மிச்சமிருக்கும்வரை ஊசி சரியாக வேலை செய்யாது, அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை 3, 4 வார இடைவெளியில் திரும்பப் போடுகிறார்கள்.

உண்ணிக் காய்ச்சலில் நடப்பது இதற்கு நேர் எதிர். காய்ச்சல் வந்த நாயைத் தனி அறையில் பூட்டி, மற்ற நாயைக் கிட்டே விடாமல் காவல் காக்கிறார்கள். அது நாயிலிருந்து நாய்க்கு நேராக ஒட்டுவதில்லை, உண்ணி கடித்துத்தான் வருகிறது. பெண் உண்ணி சுவர் விரிசலிலும் படுக்கை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்து வீட்டை விட்டுவிட்டால் அடுத்த நாய்க்கும் வரத்தான் செய்யும்.

சொறியிலும் இரண்டு வகை. டெமோடெக்ஸ் என்கிற நுண்பூச்சியால் வரும் சொறி ஒட்டாது, பாவம், அந்தக் குட்டியைத் தாராளமாகத் தூக்கலாம். சார்கோப்டிக் சொறி மற்ற நாய்க்கும் ஒட்டும், நமக்கும் அரிக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரி இடத்துக்குக் கொண்டுபோங்கள். தயவுசெய்து பழைய இன்ஜின் ஆயிலைத் தடவாதீர்கள், நக்கினால் அது விஷம். காய்ச்சலுக்கு நம் பாராசிட்டமாலும் கூடாது.

குட்டிதானே, லேசாகப் பல் பட்டது என்று விடுவதும் ஆபத்து. குட்டிகளுக்கும் ரேபிஸ் வரும். 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போய்விடுங்கள்.

இனி குதிரை. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வைத்திருப்பவர்கள் புதுசாக வாங்கி வந்ததை அன்றே மற்றவற்றோடு கட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே பக்கெட்டில் தண்ணீர் காட்டுகிறார்கள். தாடைக்கடியில் கட்டி வீங்கி மூக்கில் சீழ் வடிகிற ஸ்ட்ராங்கிள்ஸ் இப்படித்தான் லாயம் முழுக்கப் பரவும். தேறிய குதிரைகூடச் சில சமயம் மாதக்கணக்கில் கிருமியைச் சுமந்திருக்கும். புதுக்குதிரையை மூன்று வாரமாவது தள்ளிக் கட்டுங்கள், அதற்கென்று தனி பக்கெட், தனி தீவனத் தொட்டி வையுங்கள். குதிரை ஃப்ளூ இதைவிட வேகம், இருமலிலேயே போகும், 1987இலும் 2008இலும் இந்தியாவில் பல ஊர்களைச் சுற்றி வந்தது.

குதிரைக்கு வரும் பாக்டீரியா நோயான கிளாண்டர்ஸ்தான் பெரிய பயம். மனிதருக்கும் தொற்றி உயிரை எடுக்கும். ரத்தப் பரிசோதனையில் உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வார்கள், 1899லேயே இதற்குத் தனிச் சட்டம் வந்திருக்கிறது. பிழைப்பே போய்விடுமே என்று மறைப்பவர்களின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் குதிரைக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குவது அவர்கள் பிள்ளைகள்தான், அதனால் மூக்கில் சீழும் தோலில் புண்ணும் கண்டால் அரசு கால்நடை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

வயிற்று வலி ஒட்டாது. திடீரென்று தீவனம் மாற்றுவது, தண்ணீர் குறைவது, பூச்சி, இப்படிப் பல காரணம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, தரையில் புரண்டு புரண்டு வயிற்றைத் திரும்பிப் பார்த்தால் உடனே தீவனத்தை நிறுத்தி கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பாட்டிலில் எண்ணெய் ஊற்றிப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். டெட்டனஸும் ஒட்டாது, ஆனால் குளம்பில் ஆணி ஏறினால் போதும், மண்ணிலிருக்கும் கிருமி உள்ளே போய்விடும். காயம் ஆறிவிட்டதே என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள், தாடை இறுகுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.