வீட்டுக்காரரைக் கேட்காமல் வீட்டைக் கணக்கெடுக்காதீர்கள்

கழுத்தில் கேமராவும் கையில் அட்டையுமாக நாலு பேர் ஒரு பழைய தெருவுக்குள் நுழைந்தால் போதும், அரை மணி நேரத்தில் தெருக்கோடி வரை செய்தி போய்விடும். "வீட்டு வரியை ஏத்தப் போறாங்களாம்." "ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களாம்." அதற்கப்புறம் எந்தக் கதவும் திறக்காது. புதுச்சேரியின் தமிழர் பகுதியில் பாரம்பரியக் கட்டடப் பட்டியலுக்காகப் பழைய வீடுகளைக் கணக்கெடுக்கத் தன்னார்வலனாகப் போன என் முதல் நாள் இப்படித்தான் கழிந்தது. மாலைக்குள் முப்பது வீடுகளின் முகப்பைப் படம் எடுத்துவிட்டோம். ஒரு வீட்டைப் பற்றியும் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

அதன் பிறகு பல தெருக்களில் படிவம் நிரப்பியிருக்கிறேன். செய்த தவறுகளையும், பக்கத்தில் இருந்து பார்த்த தவறுகளையும் இங்கே சொல்கிறேன். உங்கள் ஊரில் இந்த வேலையைத் தொடங்கும்போது உதவும்.

முதலில் பேச்சு, அப்புறம் கேமரா

எல்லாவற்றுக்கும் மூலமான தவறு வரிசை மாறிப்போவதுதான். படம், அளவு, படிவம் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் "மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்" என்று ஒன்று வைப்பார்கள். அதற்குள் எது முக்கியம், எது முக்கியமில்லை என்று குழு முடிவு செய்திருக்கும். மக்களுக்கும் அது புரியும். வந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

ஒரு வாரம் முன்னாலேயே வெறுங்கையோடு போங்கள். டீக்கடை, கோயில், பள்ளிவாசல், மாதா கோயில், இஸ்திரி வண்டி என்று நாலு இடத்தில் நின்று, என்ன செய்யப்போகிறோம், எதற்காகச் செய்கிறோம் என்று சொல்லுங்கள். கேள்விகள் வரும். "பட்டியல்ல சேத்துட்டா வீட்டை விக்க முடியாதா? பின்னாடி ஒரு பாத்ரூம் கட்டக்கூடாதா?" இந்த இடத்தில் பலர் பயந்துபோய் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். பட்டியலில் சேர்ந்தால் இடிக்கவோ முகப்பை மாற்றவோ பின்னால் கட்டுப்பாடு வரலாம். அது உண்மை. அதை மறைத்து வாங்கிய தகவல், உண்மை தெரிந்த நாளில் தெருவையே உங்களுக்கு எதிராகத் திருப்பிவிடும். அதேபோல, கையில் இல்லாத மானியத்தையும் வாக்குறுதியாகக் கொடுக்காதீர்கள்.

புதுச்சேரித் தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் தெருவைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ் 2002 முதல் 2004 வரை அங்கே வீடுகளின் முகப்புகளைப் புதுப்பித்தார்கள். செலவில் ஒரு பங்கு வீட்டுக்காரர்களுடையது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது அந்தத் தெருவுக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர்கள் சம்மதிக்காமல் அந்தத் தெருவில் ஒரு செங்கல்லைக்கூட மாற்றியிருக்க முடியாது.

முகப்பு மட்டும் வீடு இல்லை

தெருவில் நின்று பார்த்தே மதிப்பெண் போடுவது அடுத்த தவறு. வெள்ளை நகரம் என்கிற பழைய பிரெஞ்சுக்காரர் பகுதியின் வீடுகளுக்கு இது ஓரளவு பொருந்தும். உயரமான மதில், பெரிய வாயில், வளைவு ஜன்னல் என்று கண்ணில் படுவது நிறைய. இரண்டு பகுதிகளையும் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே தமிழ் வீடுகளில் பெரும்பாலும் சிறப்பெல்லாம் உள்ளேதான் இருக்கும். வெளியே சாதாரணமாகத் தெரியும் ஒரு வீட்டுக்குள் நடையைத் தாண்டினால் முற்றம், சுற்றிலும் மரத்தூண்கள், கூடம், பின்கட்டில் கிணறு என்று விரியும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டில் கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ்ப் பாணியிலும், மேல்தளம் பிரெஞ்சுப் பாணியிலும் இருக்கிறது. மாடியை மட்டும் பார்த்துவிட்டு வருபவர் அது என்ன வீடு என்றே தவறாக எழுதிவிடுவார்.

படிவத்தில் உள்ள சொற்களும் இதில் சேர்த்தி. பல படிவங்களில் "வராந்தா உண்டா, இல்லையா" என்று ஒரே கட்டம்தான் இருக்கும். புதுச்சேரித் தமிழ் வீட்டு வாசலில் இருப்பது இரண்டு விஷயங்கள். திண்ணை வீட்டோடு சேர்ந்தது. உட்காரக் கட்டிய மேடை. தாழ்வாரம் அதற்கும் முன்னால் தெருப்பக்கம் இறங்கும் ஓட்டுக் கூரை. மரக்கால்கள் தாங்கி நிற்கும், வழிப்போக்கருக்கு வெயிலும் மழையும் படாது. அடுத்தடுத்த வீடுகளின் தாழ்வாரங்கள் சேர்ந்துதான் அந்தத் தெருவுக்கு ஒரு முகம் கொடுக்கின்றன. நடுவில் ஒரு வீட்டுக்காரர் அதை எடுத்துவிட்டு ஷட்டர் போட்டால் பாதிப்பு அந்த ஒரு வீட்டோடு நிற்காது. வராந்தா என்ற ஒற்றைச் சொல்லில் இது எதுவும் பதிவாகாது. அங்கே இருப்பவர்கள் எதை என்ன பெயரில் சொல்கிறார்களோ அதையே எழுதுங்கள். வீட்டுக்கு வீடு தனித் தாள் போடுவதோடு நிற்காமல், தெருவுக்கும் ஒரு தாள் போடுங்கள்.

யாரைக் கேட்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். சங்கத் தலைவர், வீட்டு உரிமையாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர், இந்த மூன்று பேரோடு "சமூகம்" முடிந்துவிடுகிறது. கூட்டத்தை வேலை நாளில் காலை 11 மணிக்கு வைத்தால் வேறு யாரும் வரவும் மாட்டார்கள். நாற்பது வருடம் வாடகைக்கு இருப்பவருக்கு உரிமையாளரைவிட வீடு நன்றாகத் தெரியும். எந்தச் சுவர் மழையில் வியர்க்கும் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் ஐயா கூடத்தில் உட்கார்ந்து வம்ச வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, "தம்பி, அந்தச் செவுரு முன்னாடி இல்ல. பாகப்பிரிவினைல எழுப்புனது. அதுக்கு முன்னாடி முத்தம் ஒண்ணுதான்" என்றார். வரைபடத்தில் இரண்டு வீடாகப் போட்டிருந்ததை அன்று அழித்து ஒரே வீடாக வரைந்தோம்.

"முந்நூறு வருஷப் பழசு"

மக்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வதும் தவறு, நம்பாமல் ஒதுக்குவதும் தவறு. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையையும் ஐரோப்பியர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். 1765க்குப் பிறகு மறுபடி கட்டிய ஊர்தான் இன்று நாம் பார்க்கும் வெள்ளை நகரம். ஆகவே அங்கே ஒருவர் முந்நூறு வருடம் என்று சொன்னால் இரண்டு முறை விசாரிக்க வேண்டும். தமிழர் பகுதியில் அந்தப் பேச்சுக்கு இடம் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை வீடு 1730களில் கட்டியது.

வருடம் கேட்டால் யாருக்கும் வராது. நிகழ்ச்சியை வைத்துக் கேளுங்கள். "இந்த மாடி பிரெஞ்சுக்காரன் இருக்கும்போதே எடுத்ததா, போனப்புறமா?" என்றால் உடனே பதில் வரும், 1954 நவம்பர் 1 என்ற தேதி இங்கே எல்லாக் குடும்பத்துக்கும் தெரியும் என்பதால். கூரை எப்போது மாற்றியது என்றால், தானே புயலுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்கலாம்; அது 2011 டிசம்பர் 30. பழைய பத்திரங்கள் பிரெஞ்சு மொழியில் இருக்கும். அவற்றைக் காட்டச் சொல்லலாம், அனுமதியோடு படம் எடுக்கலாம். "படித்துவிட்டுத் தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு போகவே கூடாது.

அழகை மட்டும் தேடினால்

அலங்காரத் தூணும் சுதை வேலையும் இருக்கும் வீட்டுக்கு நேராகக் கால் போகும். அது மனித இயல்பு. ஆனால் பாரதி 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்தார். அவர் குடியிருந்த வீடும், பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த வீடும் இன்று நினைவகங்கள். கட்டடக் கலைக்கு மட்டும் மதிப்பெண் போட்டிருந்தால் இரண்டுமே பட்டியலின் கடைசியில் கிடந்திருக்கும். பஞ்சாலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆலையைச் சுற்றியிருக்கும் சாதாரண ஓட்டு வீடுகளின் மதிப்பு அந்தத் தெருக்காரர்கள் சொன்னால்தான் தெரியும், சுவரில் தெரியாது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2010 முதல் 2017 வரை சுமார் 8,80,000 மனைகளைக் கணக்கெடுத்தபோது, எந்தெந்த இடம் முக்கியம் என்று மக்களே முன்கூட்டிச் சொல்ல வழி வைத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய நகரத்துக்கே அது முடிந்திருக்கிறது. நம் வார்டுக்கு ஏன் முடியாது?

"பாழடைந்தது" என்று எழுதும் முன்

நிலைமையும் மதிப்பும் வேறு வேறு கட்டங்கள். இரண்டையும் கலந்து "பழைய கட்டடம், பாழடைந்த நிலை" என்று ஒரே வரியில் எழுதினால், இடிக்க அனுமதி கேட்பவர் அந்த வரியைத்தான் முதலில் நீட்டுவார். என்ன பழுது, எங்கே, எதனால் என்று எழுதுங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? மழைத் தண்ணீர் இறங்கும் தூம்பு அடைத்திருக்கிறதா? சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசியிருந்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சு உப்பி நிற்கும். விரலால் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வரும். மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டும் தட்டையான மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு உத்திரங்கள் சுவருக்குள் போகும் முனைதான் முதலில் உளுக்கும். அதைக் கீழே நின்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு வயதான கொத்தனாரைக் கூடவே அழைத்துப் போவதைப் போல நல்ல வழி வேறில்லை. அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் பாரம்பரியக் கட்டடம் என்று ஊருக்கே தெரியும். 1870களில் கட்டியது, நகராட்சி இயங்கிய இடம். 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே வடிவில் புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். பட்டியலில் பெயர் இருப்பது மழையைத் தடுக்காது. இன்று ஒரு முறை கணக்கெடுத்துவிட்டு நிறுத்தாமல், சில வருடங்களுக்கு ஒரு முறையாவது அதே படிவத்தோடு அதே தெருவுக்குத் திரும்பப் போக வேண்டும்.

பட்டியலை யாருக்குக் காட்டுவது

இணையத்தில் ஏற்றும்போது வீட்டுக்காரர் பெயர், பத்திரத்தின் படம், உள்ளறை வரைபடம், யார் தனியாக இருக்கிறார் என்ற குறிப்பு, எதுவும் வெளியே போகக் கூடாது. பழைய செதுக்குக் கதவுகளுக்கும் தூண்களுக்கும் சந்தை இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

ஆனால் தெருவுக்குப் பட்டியல் போயே ஆக வேண்டும். அரசுக்கோ கல்லூரிக்கோ அனுப்பும் முன்னால் போக வேண்டும். ஒரு தெருவில் கதவு எண்ணும் சிறு குறிப்பும் மட்டும் உள்ள பட்டியலை டீக்கடைச் சுவரில் ஒரு வாரம் ஒட்டி வைத்தோம். பக்கத்தில் ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். ஏழாம் நாள் எடுத்துப் பார்த்தால் தாள் முழுக்கக் கிறுக்கல். கதவு எண் இரண்டு இடத்தில் தவறு. "இது சத்திரம் இல்ல, பள்ளிக்கூடம்" என்று ஒரு திருத்தம். கடைசியில் அடிப்பக்கம் வேறு கையெழுத்தில் ஒரு வரி: "ஜெராக்ஸ் கடைக்குப் பின்னாடி சந்துல ஒரு வீடு இருக்கு, அதைப் பாக்கலையா?" தெருவில் முகப்பே இல்லாத வீடு. பத்து தடவையாவது அந்தச் சந்தைத் தாண்டிப் போயிருப்போம். மறுநாள் காலை அட்டையை எடுத்துக்கொண்டு அங்கே போனோம்.