வேலூர் வெயிலில் காலிஃபிளவர்: விதையிலிருந்து பூ அறுக்கும் வரை

வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக்கத்திரி வெயிலைத் தாங்கும். காலிஃபிளவர் தாங்காது. ஆனாலும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் நிழலே விழாத திறந்த கொல்லையில் கெட்டியான வெள்ளைப் பூ எடுக்க முடியும். நட்டதிலிருந்து பூ கட்டும்வரை செடியின் வளர்ச்சி எங்கும் தடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். காய்ந்து நின்றாலும், வேரில் தண்ணீர் தேங்கினாலும், காற்றில் ஆடி வேர் அறுந்தாலும் செடி அவசரப்பட்டு எலுமிச்சை அளவில் பூ வைத்துவிடும். அதற்கப்புறம் எவ்வளவு உரம் கொட்டினாலும் அந்தப் பூ பெருக்காது.

கீழே உள்ள கணக்கெல்லாம் ஒரு சென்ட்டுக்கு, அதாவது 435 சதுர அடிக்கு. வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி 1½ அடி விட்டால் சுமார் 140 செடி பிடிக்கும்.

ரகமும் மாதமும்

பாதிப்பேர் தோற்பது இங்கேதான். பூசா ஸ்னோபால் வகைகள் பூ கட்ட 10 முதல் 16 டிகிரி குளிர் வேண்டும். நம் சமவெளியில் அந்தக் குளிர் தொடர்ந்து கிடைக்காது. செடி இலையாகவே வளர்ந்துகொண்டு போகும். 20 டிகிரிக்கு மேலும் பூ கட்டும் முன்பருவ ரகம்தான் நமக்கு வேண்டும். பூசா மேக்னா, பூசா தீபாலி இரண்டும் அந்த வகை. கடையில் வீரிய ஒட்டு ரகம் வாங்கினால், பாக்கெட்டில் "முன்பருவம்" அல்லது "வெப்பம் தாங்கும்" என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆவணி பாதியிலிருந்து புரட்டாசி பாதிக்குள் விதையுங்கள். அப்போதுதான் பூ கட்டும் நேரம் கார்த்திகை, மார்கழிக் குளிரில் விழும். கார்த்திகையில் விதைத்தால் பூ மாசி வெயிலில் மாட்டும். மேல்பரப்பு சொரசொரத்து, அரிசி தூவினாற்போல் பிரிந்து போகும்.

நாற்று

1 கிராமில் ஏறக்குறைய 300 விதை இருக்கும், அது தாராளம். 98 குழித் தட்டு இரண்டில் மக்கிய தென்னைநார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். நாலைந்து நாளில் முளைக்கும். 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வைத்து, கடைசி 5 நாள் மட்டும் முழு வெயிலில் வைத்துப் பழக்குங்கள். இதைச் செய்யாமல் நேரே திறந்த கொல்லைக்குக் கொண்டுபோனால் நாற்று ஒரே மத்தியானத்தில் சுருண்டுவிடும்.

22 முதல் 25 நாளில், 4 அல்லது 5 இலையோடு நட வேண்டும். 30 நாள் தாண்டிய நாற்றை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தட்டுக் குழிக்குள் வேர் சுருண்டு வளர்ச்சி நின்றுபோயிருக்கும். பொத்தான் போலச் சிறுத்த பூதான் வரும். நடும்முன் ஒவ்வொரு நாற்றிலும் நடுக்குருத்து இருக்கிறதா என்று பாருங்கள். குருத்தில்லாத நாற்று நன்றாகவே பச்சை பிடித்து வளரும், பூ மட்டும் வைக்காது.

நிலமும் காற்றுத் தடுப்பும்

முந்தின போகத்தில் முள்ளங்கி, கோஸ், நூக்கல் போட்ட இடம் வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம், நோயும் ஒன்றேதான். 100 கிலோ மக்கிய எரு, 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, 1½ கிலோ சூப்பர் பாஸ்பேட், 400 கிராம் பொட்டாஷ் போட்டுக் கொத்திவிடுங்கள். போரான் சத்துள்ள போராக்ஸ் உப்பு 50 கிராமை மணலில் கலந்து சீராகத் தூவுங்கள். போரான் குறைந்தால் பூவில் பழுப்புத் திட்டு விழும், தண்டு உள்ளே பொள்ளலாகும். அதற்காக அளவைக் கூட்டினால் இலை ஓரம் கருகும்.

அரை அடி உயரத்துக்குப் பார் (மேட்டு வரிசை) பிடிக்க வேண்டும், சமதளப் பாத்தி கூடாது. "புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்" என்பார்கள். இந்தச் செடி அந்த இரண்டையும் ஒரே மாதத்தில் சந்திக்கும்.

திறந்த கொல்லையில் வெயிலுக்குச் சமமான தொல்லை காற்று. ஆடிக் கடைசியிலேயே மேற்கிலும் வடகிழக்கிலும் மக்காச்சோளமோ அகத்தியோ இரண்டு வரிசை விதைத்துவிடுங்கள். 6 அடி உயர வரிசை, காற்று போகும் திசையில் 50 அடி தூரம்வரை வேகத்தைக் குறைக்கும். மேற்கு வரிசை பிற்பகல் வெயிலையும் கொஞ்சம் மறைக்கும். தார்ப்பாய் கட்டாதீர்கள், காற்று அதன்மேல் ஏறி மறுபக்கம் சுழன்று விழும். காற்று கசிந்து போகிற தடுப்புதான் நல்லது.

நடவு

சாயங்காலம் 4 மணிக்கு மேல் நடுங்கள். விதையிலை வரைக்கும் மண்ணுக்குள் போக வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் நன்றாக அழுத்துங்கள். பிறகு ஓர் இலையைப் பிடித்து மெதுவாக இழுங்கள். இலை கிழிந்தால் நடவு சரி. நாற்று கையோடு வந்தால் இன்னும் அழுத்த வேண்டும். மேற்குப் பக்கம் செடிக்கு ஒரு பனையோலைத் துண்டைச் சாய்த்துக் குத்தி, 6 நாள் கழித்து எடுத்துவிடுங்கள்.

தண்ணீரும் உரமும்

முதல் வாரம் தினமும், பிறகு மண்ணை ஓர் அங்குலம் கிளறிப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும். பூ கட்டும்போது மழையில்லாத நாளில் செடிக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் தேவை. மல்லாட்டை (வேர்க்கடலை) தோலையோ வைக்கோலையோ இரண்டு அங்குலம் பரப்பினால் ஈரம் நிற்கும். தண்டை ஒட்டிப் போடாதீர்கள். பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைகளை ஒட்டின ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும். அங்கே நடுவதற்கு முன்பே தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள்.

நட்ட 10, 25, 40-ஆம் நாள் தலா 330 கிராம் யூரியா, தண்டிலிருந்து 3 அங்குலம் தள்ளி, ஈரமண்ணில். 25-ஆம் நாள் உரத்தோடு மண் அணையுங்கள். அன்றைக்கு உட்கார்ந்து தண்டின் அடியைப் பாருங்கள்: காற்றில் ஆடின செடியைச் சுற்றிப் புனல் வடிவில் ஒரு குழி விழுந்திருக்கும். மழைத்தண்ணீர் அதில் நின்றுதான் தண்டு அழுகுகிறது. குழியை மூடி, கீழ் இலைக் காம்புவரை மண்ணை ஏற்றுங்கள்.

புழு

இலையின் அடிப்பக்கம் சுரண்டப்பட்டு, மேல்தோல் மட்டும் கண்ணாடித்தாள் மாதிரி நின்றால் அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. தொட்டால் துள்ளிப் பின்னால் போகும், நூலில் தொங்கும். நடுவதற்கு 15 நாள் முன்பே ஓரத்தில் கடுகு விதைத்தால் தாய்ப்பூச்சி அங்கே முட்டையிடும். கடுகின்மேலும் தவறாமல் மருந்தடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே புழுப் பண்ணையாகிவிடும். 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் அல்லது லிட்டருக்கு 2 கிராம் பி.டி. (புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து) போதும். பி.டி.யின் வீரியம் வெயிலில் போய்விடும், பொழுது சாய்ந்த பிறகே அடியுங்கள். இலை மெழுகு பூசினது போலிருப்பதால் மருந்து முத்துமுத்தாக உருண்டு விழும். லிட்டருக்கு 1 மில்லி ஒட்டும் திரவம் சேர்த்தால்தான் நிற்கும்.

பூவை மூடுவது

பூ கோழிமுட்டை அளவு வந்ததும், வெளி இலைகளைக் கூட்டி வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். வெயில் நேராகப் பட்டால் பூ முதலில் தந்த நிறம், அப்புறம் மஞ்சள், சில செடியில் ஊதாச் சாயல் என்று மாறும், ருசியும் கசக்கும். கட்டும்போது இலைமேல் ஈரம் இல்லாமல் இருக்கட்டும். மழை பெய்தால் மறுநாள் அவிழ்த்து ஈரம் உலரவிட்டுக் கட்டுங்கள். ஈரத்தோடு மூடினால் இரண்டே நாளில் கருப்புப் புள்ளி விழுந்து அழுகும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் விலக்கிப் பாருங்கள். கட்டி ஒரு வாரம், பத்து நாளில் பெரும்பாலும் தயாராகிவிடும். விளிம்பு பிரியத் தொடங்கும்முன் அறுக்க வேண்டும். இன்னும் பெருக்கட்டும் என்று வைத்த பூ சூடான இரண்டு நாளில் விரிந்துவிடும். வெயில் ஏறும்முன், நாலைந்து இலையோடு சேர்த்து அறுத்தால் சந்தைக்குப் போகும்வரை அடிபடாது. ஒரு செடிக்கு ஒரு பூதான். மருந்தடிக்காத இலையை மாட்டுக்குப் போட்டுவிட்டு, தண்டை வேரோடு பிடுங்கிக் கொல்லையை விட்டு அப்புறப்படுத்துங்கள். நின்ற தண்டில்தான் அடுத்த போகத்துக்கான புழு தங்கும்.