யூரோப் ட்ரிப்ல காசா, கார்டா?

யூரோப் போறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது இதான், எவ்வளவு யூரோ மாத்திட்டுப் போகணும்னு. ரொம்ப மாத்தாதீங்க. ஒரு ஆளுக்கு 100லேருந்து 150 யூரோ போதும், அதுவும் 10, 20 நோட்டா கேட்டு வாங்குங்க, 200 யூரோ நோட்டு குடுத்தா வேண்டாம்னு சொல்லிடுங்க, சின்ன கடையில அதை நீட்டினா பல பேரு தொடவே மாட்டாங்க.

யூரோப் முழுக்க யூரோதான்னும் நினைச்சுடாதீங்க. ஸ்விட்சர்லாந்துல ஃப்ராங்க், செக்ல கொருனா, ஹங்கேரில ஃபோரின்ட், ஸ்வீடன்ல க்ரோனா. குரோஷியா 2023லயும் பல்கேரியா 2026லயும்தான் யூரோவுக்கு மாறுச்சு, அதனால யாராவது குரோஷியாவோட பழைய குனா நோட்டு இருக்கு எடுத்துட்டுப் போன்னு குடுத்தா கடையில செல்லாது.

காசு எவ்வளவு தேவைங்கறது நாட்டைப் பொறுத்தது. ஸ்வீடன், நார்வே, டென்மார்க் போனா கையில காசே இல்லாம சுத்தலாம், ஸ்டாக்ஹோம் பஸ்ல காசு வாங்கவே மாட்டாங்க. ஆம்ஸ்டர்டாம் ட்ராமும் அப்படித்தான், கார்டை ஏறும்போது ஒரு தடவை இறங்கும்போது ஒரு தடவை தட்டணும், ஏறும்போது ஃபோனைத் தட்டினா இறங்கும்போதும் அதே ஃபோன்தான், மாத்தித் தட்டினா அது வேற ஆளுன்னு எடுத்துக்கும். ஜெர்மனி அப்படியே தலைகீழ். பெர்லின்ல ஒரு பேக்கரியில ரெண்டு ரொட்டியும் காபியும் வாங்கிட்டு கார்டை நீட்டினேன், அந்தம்மா கல்லா பக்கத்துல ஒட்டியிருந்த பேப்பரைக் காட்டினாங்க, நூர் பார்ஸாலுங், காசு மட்டும்தான்னு அர்த்தம். பின்னாடி நீளமா க்யூ, பர்ஸுல காசு இல்ல, எல்லாத்தையும் வெச்சுட்டு வெளிய வந்தேன். அதுலேருந்து ஜெர்மனி, ஆஸ்திரியா போனா 40, 50 யூரோ சில்லறையோட இல்லாம ரூமை விட்டு கிளம்புறதில்ல, டாய்லெட் போறதுக்கே காயின் கேக்குற இடம் நிறைய இருக்கு.

இப்ப சொல்றதை மட்டும் நல்லா மனசுல வெச்சுக்கோங்க. ஏடிஎம்லயோ கடை மெஷின்லயோ கார்டைப் போட்டதும், உங்க ஊர் காசுல கட்டுறீங்களா, யூரோவுல கட்டுறீங்களான்னு கேக்கும். எப்பவுமே அந்த நாட்டுக் காசைத்தான் அமுக்கணும். நம்ம ஊர் காசுல தொகை தெரியுதே, புரியுதேன்னு அதை அமுக்கிட்டா ரேட்டை வைக்கிறது உங்க பேங்க் இல்ல, அந்த மெஷின்காரன், நூத்துக்கு எட்டு போனாலே 200 யூரோவுக்கு 16 யூரோ காலி. ஏடிஎம்ல இது இன்னும் மோசம், டிக்ளைன் கன்வர்ஷன்னு ஒரு பட்டன் வரும், டிக்ளைன்னு பாத்ததும் பணமே வராது போலன்னு பயந்துடுவோம், அப்படியெல்லாம் இல்ல, தைரியமா அதையே அமுக்குங்க, திரும்ப ஒரு தடவை நிஜமாவான்னு கேட்டாலும் அதேதான், பணம் வந்துடும். ஒரு ரெஸ்டாரன்ட்ல வெய்ட்டர் என்னைக் கேக்காமயே அமுக்கிட்டு பில்லை நீட்டினார், கேன்சல் பண்ணி திரும்பப் போட சொன்னேன், போட்டுக் குடுத்தார். கேக்க சங்கடப்படாதீங்க, உங்க காசு அது.

ஏடிஎம் பேங்க்கோட ஒட்டினதா பாத்து, பேங்க் திறந்திருக்குற நேரத்துல எடுங்க, கார்டு உள்ள மாட்டிக்கிட்டா உடனே ஆள் கிட்ட சொல்லலாம்.

கார்டு குறைஞ்சது ரெண்டு இருக்கணும், ஒண்ணு பர்ஸுல, ஒண்ணு ரூம்ல. வாடகைக் கார் எடுக்குறவங்களுக்கு ஓட்டுறவர் பேர்லயே க்ரெடிட் கார்டு வேணும், பல இடத்துல டெபிட் கார்டுக்கு வண்டி குடுக்க மாட்டாங்க, டெபாசிட்டுன்னு ஒரு தொகையை லாக் பண்ணி வெப்பாங்க, அந்தத் தொகை போக கார்டு லிமிட்ல மிச்சம் இருக்கான்னு பாத்துக்கோங்க. பின் நம்பர் கண்டிப்பா ஞாபகம் இருக்கணும், யூரோ நாடுகள்ல பெரும்பாலும் 50 யூரோ தாண்டினா வெறும் கார்டைத் தட்டினா போதாது, பின் கேக்கும். அப்புறம் ஆன்லைன்ல ட்ரெயின் டிக்கெட் போட்டா ஓடிபி ஊர் நம்பருக்குத்தான் வரும், அந்த சிம்மை கழட்டி வீட்டுல வெச்சுட்டு போயிடாதீங்க.

கிளம்புற அன்னைக்கு மிச்சமிருக்குற காயினை எல்லாம் ஏர்போர்ட்ல தண்ணி பாட்டிலுக்கோ சாக்லேட்டுக்கோ குடுத்துடுங்க, ஊர்ல காசு மாத்துற இடத்துல நோட்டு மட்டும்தான் எடுப்பாங்க.