பாரிஸில் இரண்டு நட்சத்திர ஹோட்டல்: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

பாரிஸின் இரண்டு நட்சத்திர ஹோட்டலில் இருவருக்கான சாதாரண அறை, சீசனைப் பொறுத்து, ஓர் இரவுக்கு சுமார் 80 முதல் 130 யூரோவில் கிடைக்கும். அந்தப் பணத்துக்குச் சுத்தமான படுக்கை, வெந்நீர், பூட்டக்கூடிய கதவு, நடந்துபோகும் தூரத்தில் மெட்ரோ. அவ்வளவுதான். இந்த ஹோட்டல்களைப் பற்றி வரும் புகார்களைக் கிளறிப் பார்த்தால் பலவற்றுக்கும் ஒரே காரணம்தான் இருக்கும்: கட்டடம் பழசு. குடித்தனம் நடத்தக் கட்டிய ஐந்தாறு மாடி வீட்டுக்குள் பின்னாளில் லிஃப்டையும் குளியலறையையும் எப்படியோ நுழைத்திருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு அறையைத் தேர்ந்தெடுத்தால் பணமும் மிஞ்சும், தூக்கமும் வரும்.

படி 1: முதலில் அஞ்சல் குறியீடு

படம், விலை, மதிப்பெண் எல்லாம் பிறகு. முகவரியில் அஞ்சல் குறியீடு 75 என்று தொடங்குகிறதா பாருங்கள். தொடங்கினால் அது பாரிஸ் நகரம். 92, 93, 94 என்றால் புறநகர். 95 என்றால் விமான நிலையப் பக்கம். 77 என்றால் டிஸ்னிலேண்ட் பக்கமாக இருக்கலாம். இங்கெல்லாம்கூட ஹோட்டல் பெயரில் 'பாரிஸ்' என்று இருக்கலாம். விலை 25 யூரோ குறைகிறதே என்று மயங்கினால், தினமும் போகவர ஒன்றரை மணி நேரம் ரயிலில் போய்விடும்.

நகரத்துக்குள் 20 வட்டாரங்கள். லூவர் அருங்காட்சியகம் இருக்கும் நடுப்பகுதியில் 1-இல் தொடங்கி, நத்தை ஓடு போல வெளியே சுழன்று போகின்றன. அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கமே வட்டார எண்: 75010 என்றால் 10-ஆம் வட்டாரம்.

குறைந்த விலை அறைகள் அதிகம் கிடைப்பது 10, 18-ஆம் வட்டாரங்களில், கார் து நோர், கார் த லெஸ்ட் ரயில் நிலையங்களைச் சுற்றி. சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து வருவது RER B, அதாவது 'ஆர்.இ.ஆர். பி' என்ற புறநகர் ரயில். அந்த ரயில் நேராக கார் து நோரில் நிற்கும். பின்னாலேயே லாச்சப்பல்: ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் தெருக்கள். இடியாப்பமும் தோசையும் கொத்துரொட்டியும் பத்து நிமிட நடையில் கிடைப்பது சின்ன வசதி இல்லை. குறையும் உண்டு. இரவில் ரயில் நிலைய வாசலும் பார்பெஸ் மெட்ரோ வாசலும் நெரிசலும் சச்சரவுமாக இருக்கும். ஜேப்படிக்காரர்களுக்கு இது நல்ல இடம். மெட்ரோ 2-ஆம் தடம் இந்தப் பகுதியில் பாலத்தின் மேல் ஓடுகிறது. அந்த பூல்வாரை (அகலச் சாலையை)ப் பார்த்த அறை என்றால் நள்ளிரவு தாண்டியும் ரயில் சத்தம் கேட்கும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில் மாணிக்க விநாயகர் கோயில் தேர் வரும் ஞாயிறு என்றால் அங்கே தெருவே நிரம்பிவிடும். தேர் பார்க்க வருகிறவர்கள் முன்கூட்டியே அறை போடுங்கள்.

அமைதி வேண்டும் என்றால், குழந்தைகளோடு வந்தால், 13 அல்லது 14-ஆம் வட்டாரம் நல்லது. பார்ப்பதற்கு ஒன்றும் விசேஷமில்லை, ஆனால் குடியிருப்புப் பகுதி. பேக்கரி, சூப்பர் மார்க்கெட் எல்லாம் உள்ளூர்க்காரர் விலையில். ஓர்லி விமான நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு இது கூடுதல் லாபம்: 2024 ஜூனிலிருந்து மெட்ரோ 14 ஓர்லி வரை போகிறது.

படி 2: அறை விவரத்தை வரி வரியாகப் படியுங்கள்

நட்சத்திரத்தை மட்டும் நம்பாதீர்கள். அது வசதிகளின் பட்டியலுக்குக் கிடைப்பது. மெத்தை எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று அது சொல்லாது. இரண்டு நட்சத்திரத்தில் இருவர் அறைக்கு விதிப்படி குளியலறை நீங்கலாகக் குறைந்தபட்சம் 9 சதுர மீட்டர் இருந்தால் போதும். அதாவது பத்துக்குப் பத்து அடியைவிடக் கொஞ்சம் குறைவு. இரண்டு பெரிய பெட்டிகளைத் திறந்து வைத்தால் நடக்க இடமிருக்காது.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை:

லிஃப்ட். இல்லாத ஹோட்டல்கள் இன்றும் உண்டு. இருந்தாலும் பெரும்பாலும் இரண்டு பேர் ஒட்டி நிற்கும் அளவுதான். பெட்டியை ஏற்றிவிட்டு நீங்கள் படியேற வேண்டியிருக்கும். முட்டிவலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால், ஹோட்டலுக்கே மின்னஞ்சல் அனுப்பி "லிஃப்ட் எங்கள் மாடி வரை வருமா, அதற்கு முன் படிகள் உண்டா?" என்று கேளுங்கள். சில கட்டடங்களில் லிஃப்ட் பாதிப்படியில்தான் தொடங்கும்.

குளியலறை. மிக மலிவான அறையில் கை கழுவும் தொட்டி மட்டும் இருக்கும். கழிப்பறை வராந்தாவில், எல்லோருக்கும் பொது. 'தனிக் குளியலறை' என்ற சொல் இல்லையென்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டில். பழைய ஹோட்டல்களில் இருவர் கட்டில் 140 செ.மீ. அகலம்தான். கணவன் மனைவிக்கே நெருக்கம். நண்பர்கள் என்றால் 'தனித்தனியாக இரண்டு கட்டில்' என்று முன்பதிவிலேயே குறிப்பிடுங்கள். போய் இறங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது.

ஆள் எண்ணிக்கை. நம் ஊர் போல "ஒரு எக்ஸ்ட்ரா பெட் போட்டுக்கலாம்" என்பது நடக்காது. இருவர் அறையில் மூன்றாவது ஆளை, அது எட்டு வயதுக் குழந்தையானாலும், வரவேற்பறையில் மறுக்கலாம். குழந்தையின் வயதையும் சேர்த்தே தேடுங்கள்.

ஏசி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது. 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி பதிவானது. கூரை துத்தநாகத் தகடு. அதற்கு நேர் கீழே உள்ள மேல்மாடி அறை பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவில் இறக்கும். ஏசி இல்லையென்றால் கீழ்மாடியில், முற்றத்தைப் பார்த்த அறை கேளுங்கள். வெளிச்சம் குறைவு, ஆனால் தெருச் சத்தமும் குறைவு.

படி 3: விலையை முழுசாகக் கணக்கிடுங்கள்

திரையில் தெரியும் விலையோடு நகரத்தின் தங்கல் வரி சேரும். பல சமயம் இது ஹோட்டலில் தனியாகக் கட்ட வேண்டியது. ஆளுக்கு, இரவுக்கு என்று கணக்கு; 2024-இல் ஒரு நட்சத்திரத்துக்கு 2.60, இரண்டுக்கு 3.25, மூன்றுக்கு 5.20 யூரோ. தொகை அவ்வப்போது மாறும். 18 வயதுக்குக் கீழ் வரி இல்லை. இரண்டு பெரியவர்கள், ஒரு பையன், இரண்டு நட்சத்திரம், 4 இரவு என்றால் 2 × 4 × 3.25 = 26 யூரோ. பையனுக்கும் சேர்த்துக் கேட்டால் வயதைச் சொல்லிப் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள்.

விசாவுக்குத் தங்குமிடச் சான்று தேவை. எனவே விசா கையில் வரும்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய கட்டணத்திலேயே போடுங்கள், பத்து யூரோ கூடினாலும். முன்பதிவுத் தாளில் பயணிகள் எல்லோர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே வரட்டும்.

இந்திய கார்டு வைத்திருப்பவர்கள் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கிவிட்டுக் கிளம்புங்கள். 2020-க்குப் பிறகு வழங்கப்படும் கார்டுகளில் அது மூடியே வரும். ஹோட்டல் உங்கள் கார்டைச் சோதித்துப் பார்த்து, அது மறுக்கப்பட்டால், பதிவு தானாக ரத்தாகும் வாய்ப்பு உண்டு. அங்கே மெஷினில் "யூரோவா, ரூபாயா?" என்று கேட்டால் யூரோவைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை மெஷின்காரர் வைப்பார், நஷ்டம் உங்களுக்கு.

ஃபேஷன் வாரங்கள், மே கடைசியில் தொடங்கும் ரோலான் காரோஸ் டென்னிஸ், ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜூன் மாத விமானக் கண்காட்சி: இந்த நாட்களில் அதே அறை இரட்டிப்பு விலைக்கும் போகும். நவம்பரும், ஜனவரி முதல் பாதியும் மலிவு.

படி 4: விமான நிலையத்திலிருந்து

ஆர்.இ.ஆர். பி ரயிலில் கார் து நோர் வர அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். விமான நிலைய டிக்கெட் 2025-இல் ஆளுக்கு 13 யூரோ. டாக்சிக்கு அரசு நிர்ணயித்த ஒரே கட்டணம்: 2025-இல் சார்ல் த கோலிலிருந்து சேன் நதியின் வலது (வடக்கு) கரைக்கு 56, இடது (தெற்கு) கரைக்கு 65 யூரோ. தனி ஆளுக்கு ரயில். நான்கு பேர் பெட்டிகளோடு வலது கரைக்குப் போவதென்றால் 52-க்கும் 56-க்கும் என்ன வித்தியாசம், டாக்சியில் ஏறுங்கள். ஆனால் டாக்சி வரிசையில் நின்று மட்டும். உள்ளே நடந்து வந்து "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடுகிறவர் பின்னால் போகாதீர்கள்.

ரயிலில் வந்தால் டிக்கெட்டை வெளியே வரும்வரை பத்திரமாக வையுங்கள். வெளியேறும் வாயிலிலும் அது வேண்டும். இல்லாமல் பரிசோதகரிடம் சிக்கினால் அங்கேயே அபராதம்.

படி 5: வரவேற்பறையில்

அறை பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் தயாராகும். அதிகாலை விமானத்தில் வந்தால் பெட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போகலாம், பெரும்பாலும் இலவசம். அதற்கான இடம் பல ஹோட்டல்களில் பூட்டில்லாத ஒரு சின்ன அறை. பாஸ்போர்ட், பணம், லேப்டாப் உங்கள் தோளிலேயே இருக்கட்டும்.

எதைக் கேட்பதற்கு முன்னும் "போன்ஜூர்" என்று சொல்லுங்கள், மாலையில் "போன்சுவார்". இதைச் சொல்லாமல் நேராக "ரூம்" என்று தொடங்கினால் அது அங்கே மரியாதைக் குறைவு. பதிலும் அதற்கேற்ப வரும்.

வெளிநாட்டவர் ஒரு போலீஸ் படிவம் நிரப்ப வேண்டும்: பெயர், பிறந்த தேதி, நாடு, வீட்டு முகவரி, வருகை, புறப்பாடு. சட்டப்படியானது, பயப்பட ஒன்றுமில்லை. சாவி வாங்கும்போது இரவில் வாசல் கதவு எப்படித் திறக்கும் என்று கேளுங்கள். சின்ன ஹோட்டல்களில் இரவு கதவு பூட்டியிருக்கும். எண் குறியீடோ அழைப்பு மணியோ இருக்கும். குறியீட்டைப் போனில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்து கதவு முன் நிற்பவர்கள் உண்டு.

படி 6: அறைக்குள் முதல் பத்து நிமிடம்

பெட்டியைக் கட்டில்மேல் போடாதீர்கள். குளியலறைக்குள் வைத்துவிட்டு, மூட்டைப்பூச்சி பாருங்கள். விரிப்பைத் தலைமாட்டுப் பக்கம் தூக்கி, மெத்தையின் தையல் ஓரத்தைப் போன் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள், காய்ந்த ரத்தக் கறை, உரிந்த மெல்லிய தோல்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் படம் எடுத்துக்கொண்டு கீழே போய் வேறு அறை கேளுங்கள். பக்கத்து அறை வேண்டாம், வேறு மாடி கேளுங்கள். பூச்சி சுவர் இடுக்கு வழியே நகரும்.

அடுத்து குளியலறை. நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். தரையில் தண்ணீர் போக வழி இருக்காது. ஷவர் தட்டுக்குள் விழும் தண்ணீர் மட்டுமே வெளியேறும். தரையில் ஊற்றினாலோ திரையை வெளியே விட்டுக் குளித்தாலோ தண்ணீர் பலகைத் தரைக்குள் இறங்கிக் கீழ்வீட்டு உத்தரத்தில் ஒழுகும். செலவு உங்கள் தலையில் விழலாம். திரையின் கீழ் நுனியைத் தட்டுக்கு உள்ளே விடுங்கள், ஷவரைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இராது. ஒரு காலி அரை லிட்டர் பாட்டில் போதும்.

ஃபிளஷ் செய்ததும் மிக்சி ஓடுவது போன்ற சத்தம் வந்தால் அது கோளாறு இல்லை. பெரிய கழிவுக்குழாய் தூரத்தில் இருப்பதால், பின்னால் ஒரு அரைக்கும் பம்ப் வைத்து மெல்லிய குழாயில் தள்ளுகிறார்கள். டாய்லெட் பேப்பரைத் தவிர எதைப் போட்டாலும், குறிப்பாக ஈரத் துடைப்பான், நாப்கின், அது நின்றுவிடும். நின்றால் மறுபடி மறுபடி ஃபிளஷ் அழுத்தாதீர்கள், பொங்கி வரும். உடனே கீழே சொல்லுங்கள்.

மின்சாரம் 230 வோல்ட், நம்முடையதுதான். மெல்லிய இரண்டு முள் சார்ஜர் அப்படியே பொருந்தும். மூன்று முள் லேப்டாப் பிளக் பொருந்தாது. பிரெஞ்சு சாக்கெட்டில் எர்த் முள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடாப்டரை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் மின் ஹீட்டர்மேல் துணி காயப்போடுவதும், அறையில் ரைஸ் குக்கர் வைப்பதும் வேண்டவே வேண்டாம். புகை உணர்வான் கத்தினால் மாடி முழுக்க எழுந்துவிடும். துணிக்குத் தெருவுக்குத் தெரு காசு போடும் சலவை நிலையம் இருக்கிறது.

படி 7: சாப்பாடு

ஹோட்டல் காலை உணவை முன்பதிவில் சேர்க்காதீர்கள். ரொட்டி, குரோசான், ஜாம், காபிக்கு ஆளுக்குப் பத்து யூரோ பக்கம் கேட்பார்கள். தெருமுனை பேக்கரியில் அதுவே பாதி விலையில், இன்னும் சூடாகக் கிடைக்கும். சைவர்கள் பேக்கரி சாண்ட்விச்சில் 'ழாம்போன்' என்று எழுதியிருந்தால் அது பன்றி இறைச்சி என்று தெரிந்துகொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

படி 8: காலி செய்யும் நாள்

பொதுவாக 11 அல்லது 12 மணிக்குள் அறையை விட வேண்டும். தாமதத்துக்குப் பணம் கேட்கலாம். மாலை விமானம் என்றால் பெட்டி மறுபடி அந்தச் சின்ன அறைக்கு. அது எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று முந்தைய இரவே கேளுங்கள். தங்கல் வரி கட்டியதற்கும் சேர்த்து ரசீது வாங்குங்கள், 'ஃபாக்த்யூர்' என்று கேட்டால் அச்செடுத்துத் தருவார்கள். வந்த அன்று கார்டில் முன்பணம் பிடித்து வைத்திருந்தால், அதை விடுவித்துவிட்டார்களா என்று அங்கேயே நின்று உறுதி செய்யுங்கள். கிரெடிட் கார்டில் சில நாட்களில் சரியாகிவிடும்; டெபிட் கார்டில் பணம் கணக்குக்குத் திரும்ப அதைவிட அதிக நாள் ஆகலாம்.