மாறுகண்ணை எந்தச் சொல்லால் சொல்வது?

இரு கருவிழிகளும் ஒரே இலக்கை நோக்காமல் ஒன்று விலகி நிற்கும் நிலையைக் குறிக்க, வீட்டிலும் மருத்துவமனையிலும் மாறுகண் என்ற சொல்லே போதும். 'ஒன்றரைக் கண்' என்பது தெருவில் பிறந்த கேலிச்சொல். பிள்ளையின் காதுபட அதைச் சொல்பவர் உறவினரே ஆனாலும் அங்கேயே திருத்திவிடுங்கள். மங்கிய வெளிச்சத்தில் பார்வை குறையும் மாலைக்கண் முற்றிலும் வேறு நோயாதலால், பதிவுச்சீட்டு வாங்கும்போது பெயரை மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

புதுச்சேரியில் தவளக்குப்பத்திலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கோ பிள்ளையை அழைத்துச் செல்லும்போது, நோயின் பெயரைவிட நீங்கள் கண்டதைச் சொல்வதே மருத்துவருக்கு அதிகம் உதவும்: எந்தக் கண், எந்தப் பக்கம், எப்போதுமா அல்லது களைத்திருக்கும்போது மட்டுமா, எந்த வயதிலிருந்து. 'இடது கண் மூக்குப் பக்கம் போகிறது, தூக்கம் வரும் நேரத்தில் கூடுதலாகத் தெரிகிறது' என்பது நல்ல விவரிப்பு. மருத்துவர் ஒரு கண்ணை அட்டையால் மறைத்ததும், விலகியிருந்த மற்றக் கண் சட்டென்று நகர்ந்து இலக்கைப் பிடிப்பதை நீங்களும் பார்க்கலாம்.

சீட்டில் எழுதப்படும் பெயர்கள் திசையை ஒட்டியவை. பொதுப்பெயர் ஸ்ட்ராபிஸ்மஸ், உள்நோக்கித் திரும்பினால் ஈசோட்ரோபியா, வெளிநோக்கினால் எக்சோட்ரோபியா, மேல்நோக்கினால் ஹைப்பர்ட்ரோபியா.

ஆம்ப்ளியோபியா என்ற சொல்லைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். சோம்பேறிக் கண் எனப்படும் இது மாறுகண்ணின் மறுபெயர் அன்று; விலகிய கண் அனுப்பும் பிம்பத்தை மூளை ஒதுக்கி ஒதுக்கி, அக்கண்ணின் பார்வையே வளராமல் போகும் விளைவு. நல்ல கண்ணை மூடி, குறைந்த கண்ணுக்கு வேலை கொடுக்கும் சிகிச்சை சிறு வயதில்தான் நன்கு பலிக்கும் என்பதால், மாறுகண் அதிர்ஷ்டம் என்று பாட்டி சொன்னதை நம்பிக் காத்திருப்பது பெரிய இழப்பு. அகன்ற மூக்குத் தண்டால் கண் விலகியதுபோலத் தோன்றும் குழந்தைகளும் உண்டு. அதையும் மருத்துவரே முடிவு செய்யட்டும்.

பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று கண் விலகி, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தால் மாறுகண் என்று மட்டும் சொல்லிப் புறநோயாளிகள் வரிசையில் நிற்காதீர்கள். பக்கவாதமும் காரணமாகலாம் என்பதால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே சென்று, 'இரட்டையாகத் தெரிகிறது' என்பதையும், எந்த நேரத்தில் தொடங்கியது என்பதையும், சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இருந்தால் அதையும் முதலில் கூறுங்கள்.