புதிய ஐ5 கணினியா, பழைய ஜியான் ஒர்க்ஸ்டேஷனா: டெல்டா ஊர்களில் வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை போன்ற ஊர்களில் திருமண வீடியோ எடிட்டிங், ஆல்பம் வடிவமைப்பு, கட்டட வரைபடம், ட்ரோன் சர்வே என்று கணினியை நம்பித் தொழில் செய்பவர்கள் புதிய பெட்டி வாங்கப் புறப்படும்போது, ஏறக்குறைய ஒரே தொகைக்கு இரண்டு வழிகள் எதிரே நிற்கின்றன. ஒன்று, உள்ளூர்க் கடையில் இன்டெல் ஐ5 அல்லது ரைசன் 5 போட்டு அசெம்பிள் செய்து தரும் புதிய கணினி. மற்றொன்று, சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ இணையத்திலிருந்தோ வரும் செகண்ட் ஹேண்ட் ஒர்க்ஸ்டேஷன். பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட எச்பி இசட்440, டெல் பிரிசிஷன் 5810 போன்ற கனமான பெட்டிகள். "14 கோர், 28 த்ரெட், 64 ஜிபி ராம்" என்று விற்பவர் சொல்லும்போது (கோர் என்பது பிராசஸருக்குள் தனித்து உழைக்கும் ஒரு பகுதி), ஆறு கோர் மட்டுமே உள்ள ஐ5 நோஞ்சானாகத் தெரிவது இயல்பு. கோர் எண்ணிக்கையைப் பார்த்துப் பழைய ஒர்க்ஸ்டேஷனை வாங்கக் கூடாது என்பதும், அதன் ராம் இடமும் கார்டு ஸ்லாட்டுகளும் தேவைப்படுகிறவர் மட்டுமே அதை வாங்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

பெரும்பாலும் கண்ணில் படும் இரண்டு பிராசஸர்களையே எடுத்துக்கொள்வோம். பழைய ஒர்க்ஸ்டேஷன்களில் இருக்கும், இன்டெலின் சர்வர் வகைப் பிராசஸரான ஜியான் இ5-2680 வி4, 2016-இல் வந்தது. 14 கோர், அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் (தேவைப்படும்போது எட்டும் உச்ச வேகம்) 3.3 கிகாஹெர்ட்ஸ், மின் தேவை 120 வாட். ஐ5-12400, 2022 ஜனவரியில் வந்தது. 6 கோர், டர்போவில் 4.4 கிகாஹெர்ட்ஸ், அடிப்படை மின் தேவை 65 வாட், உச்சத்தில் 117 வாட். கிகாஹெர்ட்ஸ் கணக்கு மட்டும் கதையை முழுவதும் சொல்லாது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு சுழற்சிக்குள் ஒரு கோர் முடிக்கும் வேலையின் அளவும் கூடியிருக்கிறது. ஆகையால் ஒற்றைக் கோர் வேகத்தில் அந்த ஜியான், ஐ5-இன் பாதியைச் சற்றே தாண்டும். எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைக்கும் வேலையிலும் 14 கோர் ஜியானும் 6 கோர் ஐ5-உம் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

நடவுக்கு இருபது பேர் இறங்கினால் வயல் சீக்கிரம் முடியும். அதே இருபது பேர் நாற்றுக்கட்டைச் சுமந்து வரப்பில் போகும்போது ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க வேண்டும். மென்பொருட்களும் இப்படித்தான் இரண்டு வகை. முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்கும் பிளெண்டரில் சைக்கிள்ஸ் ரெண்டரிங் நடவைச் சேர்ந்தது. எத்தனை கோர் கொடுத்தாலும் பயன்படுத்திக்கொள்ளும். ஆட்டோகேட், டாலி, கோரல்டிரா ஆகியவற்றின் பெரும்பகுதி வேலைகளும் போட்டோஷாப்பில் அன்றாடம் செய்பவற்றில் பலவும் வரப்பைச் சேர்ந்தவை. அங்கே ஒரு கோரின் வேகமே முழு வேகம். பிளெக்ஸ் பேனர் கடையோ டிடிபி கடையோ வைத்திருப்பவர் இந்த இடத்திலேயே முடிவெடுத்துவிடலாம்: அவருக்குப் புதிய ஐ5 போதும், ஐ3-12100 கூடப் போதும்.

மற்றவர்கள் இப்போது இருக்கும் கணினியிலேயே ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். தினமும் உங்களைக் காக்க வைக்கும் வேலை எதுவோ அதை ஓட விட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசஸர் வாரியாகக் காட்டும்படி மாற்றுங்கள். சிறு சிறு கட்டங்களாக வரைபடம் பிரியும். ஒரு கட்டம் மட்டும் உச்சியைத் தொட்டு மற்றவை தரையில் கிடந்தால் உங்களுக்கு வேண்டியது வேகமான கோர். எல்லாக் கட்டங்களும் ஒன்றாக மேலே ஏறி நின்றால் கூடுதல் கோர்கள் பயன் தரும். எல்லாம் பாதியிலேயே தள்ளாட, மெமரி கோடு 95 சதவீதத்தைத் தொட்டு, டிஸ்க் மட்டும் ஓயாமல் ஓடினால் குறை பிராசஸரிடம் இல்லை, ராமில் இருக்கிறது. புதிய கணினிக்குச் செலவிட இருந்த பணத்தில் சிறு பங்கைக் கொண்டு ராம் சேர்த்தாலே காரியம் முடிந்துவிடக்கூடும். வரைபடத்தை ஒரு நிமிடம் பார்த்து முடிவு கட்டாமல், வேலை தொடங்கியதிலிருந்து முடியும்வரை இடையிடையே பார்ப்பது அவசியம், ஏனெனில் ஒரே வேலையின் முதற்பாதி ஒற்றைக் கோரிலும் பிற்பாதி எல்லாக் கோர்களிலும் ஓடுவது உண்டு.

திருமண வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் மேற்கொண்டு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்போதைய கேமராக்கள் பலவும் எச்.265 வடிவத்தில், 10 பிட், 4:2:2 என்ற நிற அளவில் பதிவு செய்யும் வசதி கொண்டவை. இந்தக் கோப்பை டைம்லைனில் போட்டு ஓட்டும்போது காட்சி திக்கித் திக்கி நகர்வதற்குக் காரணம், அதை விரித்துக் காட்டும் டிகோடிங் வேலை முழுவதும் பிராசஸரின் தலையில் விழுவதுதான். ஐ5-12400-க்குள் இருக்கும் யுஎச்டி 730 கிராபிக்ஸ் அந்த வேலையைத் தனிச் சுற்றில் செய்து கொடுத்துவிடும். இ5 வரிசை ஜியானில் உள்ளமைந்த கிராபிக்ஸே கிடையாது. தனியாக என்விடியா கார்டு போட்டுக்கொள்ளலாமே என்றால், ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகள் 4:2:2 வகையை டிகோட் செய்வதில்லை. ஆக, தை மாதமும் வைகாசியும் முகூர்த்தம் முகூர்த்தமாகக் காட்சிகளை வெட்டிக் கொடுக்கும் ஸ்டுடியோவுக்கு, விலை குறைந்த ஐ5 அந்தப் பெரிய ஜியானைவிட உண்மையாகவே வசதியான கருவி. வாங்கும்போது 12400எஃப் என்று எஃப் எழுத்தோடு முடியும் மாடலைத் தவிர்த்துவிடுங்கள். சற்று மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் இந்த உள் கிராபிக்ஸ் இல்லை. ரைசன் 5 5600 நல்ல பிராசஸர்தான், அதிலும் உள் கிராபிக்ஸ் இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பழைய ஒர்க்ஸ்டேஷன் எங்கே தன் மதிப்பைக் காட்டுகிறது என்பதற்கு டெல்டாவிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதற்கு முன் ஆறுகளும் வாய்க்கால்களும் தூர்வாரப்படுகின்றன. தூர்வாருவதற்கு முன்னும் பின்னும் ஒரு வாய்க்காலை ட்ரோனில் படமெடுத்து, எடுத்த மண்ணின் அளவைக் கணக்கிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். படங்களை ஒட்டி நிலப்படமும் உயர மாதிரியும் உருவாக்கும் ஓப்பன்ட்ரோன்மேப் மென்பொருள், 500 படங்களுக்கு 32 ஜிபி, 1500 படங்களுக்கு 64 ஜிபி, 2500 படங்களுக்கு 128 ஜிபி என்ற அளவில் மெமரி கேட்கும். மெமரி போதாவிட்டால் வேலை மெதுவாவதோடு நிற்காது. பல மணி நேரம் ஓடிய பிறகு பாதியிலேயே அறுந்து விழும். தாராசுரம் கோயிலின் தேர் மண்டபத்தை நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரியாக்க விரும்புகிறவருக்கும் இதே நிலைதான். விலை குறைந்த புதிய மதர்போர்டுகளில் ராமுக்கு இரண்டே ஸ்லாட் இருக்கும். இசட்440-இல் எட்டு ஸ்லாட் உண்டு. அதில் போடும் சர்வர் வகை ஆர்டிஐஎம்எம் ராம் செகண்ட் ஹேண்டில் பொதுவாக மலிவு. பிழை திருத்தும் இசிசி வசதியும் அந்த ராமோடு சேர்ந்தே வருகிறது. இரவு முழுவதும் ஓடும் கணக்குகளுக்கு அது பெரிய நிம்மதி. அந்த ராமை எடுத்துச் சாதாரண டெஸ்க்டாப் போர்டில் போட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பின்னாளில் கணினி மாற்றும்போது அந்த முதலீடு உங்களோடு வராது.

ஸ்லாட் விஷயமும் இப்படியே. இ5 ஜியானில் 40 பிசிஐஇ லேன்கள் (கார்டுகளுக்கும் பிராசஸருக்கும் இடையிலான தரவுப் பாதைகள்), ஐ5-12400-இல் 20. வீட்டிலேயே செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளை ஓட்டிப் பழகும் மாணவர் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட நினைத்தால் பழைய பெட்டி தாராளமாக இடம் கொடுக்கும். மெமரி வேகத்தில் ஜியானின் நான்கு சேனல் (ராமுக்கும் பிராசஸருக்கும் இடையே நான்கு பாதைகள்) பெருமை மட்டும் இப்போது மங்கிவிட்டது: நான்கு சேனல் டிடிஆர்4-2400 நொடிக்கு 76.8 ஜிபி தருகிறது, இரண்டு சேனல் டிடிஆர்5-4800-உம் அதே 76.8 ஜிபி தருகிறது. நான்கு சேனலையும் பெற நான்கு ராம் குச்சிகளாவது சரியான ஸ்லாட்டுகளில் இருக்க வேண்டும். ஒற்றைக் குச்சியோடு விற்கப்படும் பெட்டியில் மெமரி கால் பங்கு வேகத்தில்தான் ஓடும்.

மின்சாரச் செலவைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. சும்மா இருக்கும் நேரத்தில் பழைய ஒர்க்ஸ்டேஷன் புதிய ஐ5-ஐவிட 50 வாட் கூடுதலாக இழுப்பதாகக் கொண்டால், நாளுக்குப் பத்து மணி நேரத்தில் அரை யூனிட். இரண்டு மாத ரசீதில் 30 யூனிட். ரெண்டரிங் ஓடும் நாட்களில் இது மேலும் ஏறும். பில் தொகையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மின்வெட்டு. 600 விஏ என்று எழுதிய யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். ஐ5 பெட்டியும் மானிட்டரும் அதற்குள் வசதியாக அடங்கும். இரண்டு பிராசஸர் உள்ள ஒர்க்ஸ்டேஷனில் பிராசஸர்களே 240 வாட் கேட்கும், கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்தால் கரண்ட் போன நொடியே யூபிஎஸ் கைவிட்டுவிடும். எனவே பழைய பெட்டியின் விலையோடு பெரிய யூபிஎஸ்ஸின் விலையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். கத்திரி வெயிலில் சிறிய அறையில் அதன் வெப்பமும் உங்களுக்குத்தான்.

ஒர்க்ஸ்டேஷன்தான் வேண்டும் என்று முடிவானால், முதலில் பெயரின் கடைசியில் உள்ள வி எண்ணைப் பாருங்கள். வி எண்ணே இல்லாத இ5-உம் வி2-உம் டிடிஆர்3 ராம் கொண்டவை; இன்றைய மென்பொருட்கள் பல எதிர்பார்க்கும் ஏவிஎக்ஸ்2 வசதி அவற்றில் இல்லை. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அவற்றை விட்டுவிடுவதே நல்லது. வி3 அல்லது வி4 மட்டுமே வாங்கத் தக்கவை. சிபியு-இசட் மென்பொருளில் பிராசஸர் பெயர் வர வேண்டிய இடத்தில் மாடல் எண் இல்லாமல் 0000 என்று தெரிந்தால் அது சோதனைக்காகத் தயாரிக்கப்பட்ட மாதிரிச் சில்லு, வேண்டாம். பக்கவாட்டுக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஹீட்சிங்க் தகடுகளின் இடையில் தூசி பஞ்சுபோல் அடைந்திருந்தால் துடைத்துக்கொள்ளலாம்; ஆனால் நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் கடற்காற்றில் இருந்த பெட்டியானால் திருகுகளிலும் பின்பக்க போர்ட்டுகளின் உலோக விளிம்பிலும் வெள்ளைப் பூப்போ பச்சைக் களிம்போ படிந்திருக்கும், அதை வாங்க வேண்டாம். பவர் சப்ளையும் (எஸ்எம்பிஎஸ்) மதர்போர்டும் இந்தப் பெட்டிகளில் நிறுவனத்தின் சொந்த அமைப்பு. எஸ்எம்பிஎஸ் போனால் தஞ்சாவூர்க் கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் நேரடியாகப் பொருந்தாது, அதே மாடலுக்கானதை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். தொழில் அந்த ஒரே கணினியை நம்பி நடந்தால் இது சிறிய விஷயமல்ல. கழற்றிய ஜியானோடு இணையத்தில் வரும் பெயரறியாத எக்ஸ்99 வகை மதர்போர்டுகளை, பிழைப்புக்கான கணினியில் போட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாப்டின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இ5 வி3, வி4 ஜியான்கள் இல்லை. சுற்றுவழியில் ஏற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லலாம். வாடிக்கையாளரின் படங்களும் கணக்குகளும் இருக்கும் கணினியில் அந்த வழி நல்லதல்ல. ஓப்பன்ட்ரோன்மேப், பிளெண்டர், மொழி மாதிரிகள் ஆகியவை உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் செம்மையாக ஓடும் என்பதால் அவற்றுக்காக வாங்குகிறவருக்கு இது தடையாகாது. போட்டோஷாப்பும் பிரீமியரும் வேண்டியவருக்கு இந்த ஒரு காரணமே புதிய ஐ5-ஐ எடுக்கப் போதுமானது.

பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் ஒரு வாரமாவது திருப்பிக் கொடுக்கும் அவகாசம் கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்த முதல் இரவு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ விடியும்வரை ஓட விடுங்கள். எட்டு ஸ்லாட்டிலும் ராம் அடையாளம் காணப்படுகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். மறுநாள் உங்கள் சொந்த வேலையில் மிகக் கனமான ஒன்றை, பகல் வெயிலில், நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் அதே அறையில் முழுவதுமாக ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் வெப்பநிலையைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டும் ஹார்டு டிஸ்க்கின் ஓட்ட நேரம் எதுவாக இருந்தாலும், பெட்டியோடு வந்த டிஸ்க்கில் வாடிக்கையாளர் கோப்பு எதையும் வைக்காமல் புதிய எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.